கருப்பட்டிக்காக கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

மக்களே, ஒரு வழியா உரிமைப் பத்திரம் வந்துடுச்சு, எங்க குதிரை கருப்பட்டி இனிமே சட்டப்படி எங்க வீட்டுப் புள்ள. 1971லயே இங்க அமெரிக்கால சட்டம் போட்டு பாதுகாக்குற மஸ்டாங்ங்கற காட்டுக்குதிரை அவ, அதனால அரசாங்கத்துக்கு 125 டாலர் கட்டி ஓட்டிட்டு வந்தா மட்டும் நம்ம சொத்து ஆகிடாது, ஒரு வருஷம் ஒழுங்கா வளர்த்துக் காட்டணும்.

மொத நன்றி ரீனோ நண்பர்களுக்கு. மனுசங்க கை படாத பெரிய குதிரைன்னா 6 அடி உயர வேலி கட்டாயம்னு சொன்னதும், சனிக்கிழமை தூக்கத்த விட்டுட்டு வந்து இரும்பு பேனல் தூக்குனீங்களே, புளிசாதத்தோட! பாலோமினோ பள்ளத்தாக்குல காட்டுக்குதிரைங்கள வச்சிருக்கற அரசு மையத்துல இருந்து டிரெய்லர்ல வந்து இறங்குனப்போ அவ நேரா நாம போட்ட வேலிக்குத்தான் பாஞ்சா, ஞாபகம் இருக்கா? ஆப்பிள் நீட்டுனா சீந்தக்கூட இல்ல, காட்டுல ஆப்பிள பாத்திருந்தா தானே, காஞ்ச புல்லு மட்டும் தான் தெரியும்.

அப்புறம் பக்கத்துப் பண்ணை தாத்தா. அவருக்கு தமிழ் தெரியாது, படிச்சு அர்த்தம் சொல்லிடுவேன். பத்தடி நீளத்துக்கு ஒரு மூங்கில் கழி குடுத்து, "இதால முதுகத் தொடு, அவ அசையாம நின்ன அடுத்த நொடி எடுத்துடு"ன்னார். அவ்ளோதான் பாடம். நாம தொடுறதுல அது ஒண்ணும் கத்துக்கறதில்ல, விடுறோம் பாருங்க, அதுல தான் கத்துக்குது. நாள் போகப் போக கழிய கொஞ்சம் கொஞ்சமா குட்டையா புடிச்சு, கடைசில ஒரு நாள் கழி முடிஞ்சு என் கை அவ தோள்ல இருந்துச்சு, தோல் படபடன்னு துடிச்சுது, அப்புறம் நின்னுச்சு, அவ வாய மென்னுகிட்டே பெருமூச்சு விட்டா. நான் அழுதத யாரும் பாக்கல.

நடுவுல நான் பண்ணுன முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். மூணாவது வாரம் அவசரப்பட்டு நேரா முன்னாடி போய் ஹால்டர, அதான் தலையில மாட்டுற முகக்கயிற, மாட்டப் பாத்தேன். குதிரைக்கு கிட்டத்தட்ட 350 டிகிரி கண்ணு தெரியும், ஆனா மூக்குக்கு நேர் முன்னாடி ஒண்ணும் தெரியாது. மிரண்டு என்னை வேலியோட சேத்து அடிச்சா, எனக்கு விலா எலும்பு ரெண்டு வாரம் வலி, அவளுக்கு ஒரு மாசம் என் மேல சந்தேகம். அப்ப மூணாவது வீட்டு பாப்பா தான் தினமும் சாயங்காலம் பக்கெட்ட கவுத்துப் போட்டு வேலிக்கு வெளிய உக்காந்து வீட்டுப்பாடம் சத்தமா படிச்சா, கருப்பட்டி மறுபடி கிட்ட வந்தது அந்தக் குரலுக்குத்தான். தங்கம், உனக்கு ஒரு ரவுண்டு சவாரி கடன்.

ஊர்ல இருக்கற மாமா, பட்டினி போட சொன்ன உங்க ஐடியாவ கேக்கல, கோச்சுக்காதீங்க. ஆனா பேர் சொல்லிகிட்டே தண்ணி காட்டுன்னு சொன்னது அப்படியே வேலை செஞ்சுது. நல்லா வளக்குறோம்னு கையெழுத்து போட்ட மாட்டு டாக்டரம்மாவுக்கும், மொத தடவ குளம்பு வெட்ட மூணு தடவ வந்துட்டு சும்மா திரும்பிப் போன அண்ணனுக்கும் கும்பிடு.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாக்க வாங்க. தொப்பிய கார்லயே வச்சுடுங்க, இடது பக்கமா வந்து நில்லுங்க. வலது பக்கம் இன்னும் என்னையே பாதி நாள் தான் விடுறா.