ஒரிஜினலை அழித்துவிடாதே

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். பாப்பாவுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல் விட்டதா? மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

புதுக் கேமரா பற்றி நீ போனில் கேட்டதற்கெல்லாம் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

போன் 50 மெகாபிக்சல், இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கேமரா 24தானா என்று குறைப்பட்டாய். பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளி. பத்து லட்சம் புள்ளி சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். உன் கேமரா படத்தில் ஒரு பக்கம் 6000 புள்ளி, மறுபக்கம் 4000. பெருக்கிப் பார், 24 மெகாபிக்சல் வரும். நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நான் வேலை பார்க்கும் போட்டோ லேபின் கணக்கு. 4க்கு 6 படத்துக்கு இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும். உன்னிடம் உள்ளதை வைத்து 12க்கு 18 தாராளமாகப் போடலாம்.

1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் முதன்முதலாக ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். வெறும் 176க்கு 176 புள்ளி. படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதக் குழந்தை வால்டன். நம் பாப்பா வயசுதான்! இன்றைக்குப் பார்த்தாலும் குழந்தை முகம் தெரிகிறது. அதனால் மெகாபிக்சலை எண்ணிக் கவலைப்படாதே.

பார்க்க வேண்டியது சென்சார் அளவு. முன்பு பிலிம் இருந்த இடத்தில் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு அது. உன் கேமராவில் இருப்பது ஏறக்குறைய 23க்கு 15 மில்லிமீட்டர். போனில் இருப்பது சுண்டுவிரல் நகத்தளவு. மழைக்கு முற்றத்தில் அண்டாவையும் தம்ளரையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் பிடிக்கும்? பாப்பா தூங்கும் அரையிருட்டு அறையில் எடுத்துப் பார், வித்தியாசம் தெரியும். அங்கே ஐஎஸ்ஓவை, அதாவது படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பை, ஏற்ற வேண்டியிருக்கும். 100ஐ 200 ஆக்கினால் படம் இரண்டு மடங்கு பிரகாசமாகும். ஆனால் சென்சாருக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைப்பதில்லை, கிடைத்ததைத்தான் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் மணல் தூவியதுபோல நாய்ஸ் வரும். வரட்டும், 3200 வரை பயப்படாமல் போ. நாய்ஸ் உள்ள படத்தைப் பிரிண்ட் போடலாம். கை கால் ஆட்டும் பிள்ளையை மெதுவான ஷட்டரில் எடுத்து ஆடிப்போன படத்தை எந்த லேபாலும் சரிசெய்ய முடியாது.

64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டுவது ஏமாற்று இல்லை. கார்டு செய்பவர்கள் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதே பைட் எண்ணிக்கையை மூன்று முறை 1024ஆல் வகுத்து ஜிபி என்று காட்டுகிறது.

இனிதான் முக்கியம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆளுக்கொரு பைட். 24 மெகாபிக்சலுக்கு 72 எம்பி வர வேண்டும். உன் கார்டில் ஒரு படம் 10 எம்பி அளவில்தான் இருக்கும். மிச்சத்தை ஜேபெக், அதாவது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை, கழித்துவிட்டது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களை அது விட்டுவிடும். அதற்கு அடிப்படையான கணக்கை 1974இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும் அவரோடு சேர்ந்த நடராஜன், ராவ் இருவரும். நம் ஆட்கள் என்று எனக்குப் பெருமை. ஆனால் ஒருமுறை கழித்தது திரும்ப வராது. திறந்து பார்ப்பதாலோ காப்பி எடுப்பதாலோ ஒன்றும் குறையாது. திருத்தி மறுபடி சேவ் செய்தால் இன்னும் கொஞ்சம் போகும். திருத்துவதாக இருந்தால் காப்பியில் திருத்து. காதுகுத்து மாதிரி நாளில் ரா ஃபைலும் சேர்த்துப் பதிவாகும்படி வைத்துக்கொள். சென்சார் வாங்கியதை அது அப்படியே வைத்திருக்கும். மற்ற நாளுக்கு நல்ல தரத்தில் ஜேபெக் போதும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். இதன் வலி கவுண்டரில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அண்மையில் ஒரு பெண், அப்பாவின் பதினாறாம் நாளுக்கு 12க்கு 18 படம் வேண்டும் என்று வந்தாள். கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்ததை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியது. அகலம் 700 புள்ளிகூட இல்லை. மானிட்டரில் பெரிதாக்கினால் கண்ணைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைகிறது, மீசை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஒரிஜினல் இருந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்களாம். ஏஐயில் போட்டுத் தாருங்கள் என்றாள். போட்டோம், கண் பளிச்சென்று வந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்க அப்பா கண்ணு இல்லக்கா" என்றாள். இல்லாத புள்ளியை எந்த மிஷினும் ஊகித்துத்தான் நிரப்பும். கடைசியில் 5க்கு 7 அளவில் போட்டுக் கொடுத்தேன்.

எனவே எனக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பு, சுருங்காது. கார்டில் இருப்பதை லேப்டாப்பில் ஏற்று, ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு காப்பி எடு. இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே கார்டைக் காலி செய். ஃபோல்டருக்கு வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வை, தானாக அடுக்கி நிற்கும். தவறி ஏதாவது அழிந்துவிட்டால் பதறாதே. அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்து வை. டெலீட் செய்ததும் அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன்மேல் வேறு பதிவாகாதவரை பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஒரு காப்பி உன் வீட்டுக்கு வெளியிலும் இருக்க வேண்டும். திருட்டு, தண்ணீர், தீ எல்லாம் சொல்லிக்கொண்டா வரும்? ஆடி முடிந்து அப்பா அங்கே வரும்போது 2 டிபி ஹார்ட் டிஸ்க் கொடுத்தனுப்புகிறேன். பாப்பா பிறந்த நாளிலிருந்து உன் போனில் இருப்பது, மருமகள் போனில் இருப்பது, கேமராவில் எடுத்தது எல்லாவற்றையும் ஏற்றி அவரிடமே திருப்பிக் கொடு. இங்கே பீரோவில் வைத்துக்கொள்கிறேன். அதுவரை பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா