புதுப் பந்து வாங்கச் சொல்வதற்கு முன்னால்

தமிழ்நாட்டில் டென்பின் பவுலிங் கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கும் பவுலிங் மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். பந்து சரியாக வளைந்து திரும்பவில்லை என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், நம் ஊரில் முதலில் கிடைக்கும் பதில் "வேற பந்து வாங்கு" என்பதுதான். இறக்குமதிப் பந்து, அதற்கு வரி, அப்புறம் விரலுக்கு அளவெடுத்துத் துளை போடும் கூலி, இவ்வளவையும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தலையில் ஏற்றும் முன்பு அந்தப் பந்தின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாததல்ல. லேனில், கால் தாண்டக் கூடாத பவுல் கோட்டிலிருந்து, உருட்டி வீழ்த்த வேண்டிய பத்துக் கட்டைகளில் முன்னால் நிற்கும் முதல் பின் வரை 60 அடி. அதில் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய். பந்து எண்ணெயில் வழுக்கிப் போய், காய்ந்த இடத்தில் பிடித்து, திரும்பிப் பாக்கெட்டுக்குள், அதாவது முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே, நுழைய வேண்டும். உள்ளே இருக்கும் கோர் என்ற எடைக்கட்டியைப் பற்றிப் பெட்டியில் எவ்வளவு பெருமையாக எழுதியிருந்தாலும் லேனைத் தொடுவது மேல்தோல்தானே, அதனால் எங்கே பிடிக்கும் என்பதைப் பெருமளவு அதன் சொரசொரப்புதான் முடிவு செய்கிறது. தேய்ப்பு வட்டான பேடின் எண் கூடக் கூட அது நயமாகும்; 500 பேட் போட்ட, அதாவது சொரசொரப்பாகத் தேய்த்த, பந்து சீக்கிரம் பிடிக்கும். எண்ணெய் அதிகம் என்றால் அதுதான் வேண்டும். எண்ணெய் குறைந்த லேனில் அதே பந்து பாதி வழியிலேயே வேகத்தைத் தொலைத்துவிட்டுப் பின்களிடம் சோர்ந்துபோய்ச் சேரும். அங்கே 3000, 4000 போடலாம், தேவைப்பட்டால் அதன்மேல் பாலிஷ்.

வாங்கிய புதிதில் நன்றாகத் திரும்பிய பந்து இப்போது செத்துப்போச்சு என்கிறார்கள். பெரும்பாலும் சாகவில்லை. உருள உருள லேன் அந்தச் சொரசொரப்பை மழுங்கடிக்கிறது, மேல்தோலான ரியாக்டிவ் ரெசின் பிசினும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கிளீனர் போட்டுத் துடைத்து, பந்தைச் சுழற்றும் ஸ்பின்னர் இயந்திரத்தில் வைத்து, நனைத்த பேடால் ஒரே அழுத்தத்தில், ஒரே நேர அளவில் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்த்தால் பழைய பிடிப்பில் பெரும்பகுதி திரும்பி வரும். நேரடியாக 2000 போடுவதும், 500 போட்டு அதன்மேல் 2000 போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் அடியில் ஆழமான கீறல் மிச்சமிருக்கும், பந்து முன்னதாகவே பிடிக்கும். இதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

மேல்தோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டான் மெக்கியூனை நினைத்தால் போதும். 1973-ல் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கி, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஒரே ஆண்டில் ஆறு பட்டம் வென்றவர் அவர். பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்ததே அதற்கப்புறம்தான். இன்று பேடால் தேய்ப்பது முழுக்க விதிக்கு உட்பட்டது, போட்டி தொடங்கிய பிறகு மட்டும் கூடாது. ஆகவே பயிற்சி நேரத்திலேயே லேனைப் படித்து முடிவெடுக்கப் பழக வேண்டும்.

ஷபீர் தன்கோட் போலப் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவரைத் தந்த மாநிலம் இது. ஒவ்வொரு மையத்திலும் ஒரு மூலையில் ஸ்பின்னர் வையுங்கள், 360 முதல் 4000 வரை பேடுகள் வையுங்கள், கட்டணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எண்ணெய் எத்தனை அடி என்று பலகையில் எழுதிப் போடுங்கள். பயிற்சியாளர்களே, எந்தப் பேட் எப்போது போட்டது, பந்து என்ன செய்தது என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதவையுங்கள். ஸ்பேருக்கான, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை வீழ்த்தும், பிளாஸ்டிக் பந்தை மட்டும் பளபளப்பாகவே விடச் சொல்லுங்கள், அது நேராகப் போகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் லேன்களில் விளையாடும் ஒருவன்