கொடுவாக் குஞ்சுகள் துப்பும் தீவனம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்
கொடுவா மீன் வளர்ப்பவர்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
மீன் தீவன நிறுவனம்.

பொருள்: கொடுவா நர்சரி தீவனம் 1.2 மி.மீ., புதிய பேட்ச் – தொடர்பாக.

ஐயா,

இதே தீவனத்தைத்தான் சில போகமாக உங்களிடம் வாங்குகிறேன். கடைசியாக டீலர் இறக்கிய மூட்டையைப் பிரித்ததுமே மூக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கருவாட்டு வாடை இல்லை. வெறும் புண்ணாக்கு மணம்.

குஞ்சு வளர்க்கும் வலைக்கூண்டான ஹாப்பாவில் தூவினேன். குஞ்சுகள் வழக்கம்போல் பாய்ந்து வந்து கவ்வின, கவ்விய வேகத்தில் துப்பின. இன்னொரு தரம் கவ்வி, மறுபடி துப்பி, விலகிவிட்டன. கொடுவா தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கும் குருணையைத்தான் பிடிக்கும், அடியில் படிந்ததைச் சீண்டாது. துப்பியதெல்லாம் வலையடியில் கூழாகிக் கிடந்தது.

உங்கள் களப்பணியாளர் வந்தார். தண்ணீர் சரியில்லை என்றார். உப்பு, ஆக்சிஜன், அம்மோனியா மூன்றையும் அவரே பார்த்தார், குறை இல்லை. அடுத்து, குஞ்சுக்கு நோய் என்றார். போன பேட்சில் மிஞ்சியதை அவர் எதிரிலேயே அதே ஹாப்பாவில் போட்டேன். ஒரு குருணை அடிக்குப் போகவில்லை.

பிறகு அவர் சொன்ன யோசனைதான் என்னை இதை எழுத வைத்தது: "ரெண்டு நாள் பட்டினி போடுங்கண்ணே, தானா சாப்பிடும்." கெண்டைக்கு வேண்டுமானால் சொல்லலாம். கொடுவாக் குஞ்சு பசித்தால் பக்கத்துக் குஞ்சைச் சாப்பிடும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருப்பதையும் விழுங்கப் பார்க்கும். சில சமயம் அது தொண்டையில் மாட்டி இரண்டும் சேர்ந்தே சாகும். இதற்குப் பயந்துதான் சில நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்து சைஸ் பிரிக்கிறோம். நான் பட்டினி போடவில்லை, உங்கள் தீவனமே போட்டுவிட்டது. நாலைந்து குஞ்சு மட்டும் கொழுத்து, மற்றவை ஒட்டிப்போய், எண்ணிக்கை இறங்கிவிட்டது. செத்து மிதந்தவை கொஞ்சம்தான். மீதி எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் கேட்டால் "லேபிளில் உள்ளபடி புரதம் இருக்கிறது" என்கிறார்கள். இருக்கலாம், சோயாவிலும் புரதம் உண்டு. ஆனால் மீன்தூளிலும் கணவாய்த் தூளிலும் இருந்து கரைந்து வரும் கிளைசின், அலனின், பீட்டைன் போன்றவைதான் இரை பிடித்துத் தின்னும் மீனுக்கு ருசி. மீன்தூளைக் குறைத்துச் சோயாவை ஏற்றினால் வாய் ஏற்காது; மீனெண்ணெய் காறிப்போயிருந்தாலும் ஏற்காது. தீவனம் அரைக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! விலை மட்டும் ஒரு பைசா குறையவில்லை.

இந்தப் பேட்சில் மீன்தூள் அளவை மாற்றினீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். பிரித்த மூட்டை, பிரிக்காத மூட்டை எல்லாவற்றுக்கும் பணமும், குறைந்த குஞ்சுக்கு இழப்பீடும் வேண்டும். ரசீதுகளும் சைஸ் பிரித்தபோது எழுதிய கணக்கும் இணைத்துள்ளேன். ஒரு மூட்டையைத் தையல் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் முன்னிலையில் மாதிரி எடுத்து, இருவரும் ஒப்புக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று போனில் ஒரு அம்மா சொன்னார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது, அவரிடம் காட்டுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

அதற்கு முன், எங்கள் பகுதி டீலர்களிடம் கிடக்கும் அந்தப் பேட்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் பலர் குஞ்சு இறக்குகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்