நூலின் பெயரோடு நுழையும் வழியையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த ‘படிக்க வேண்டிய நூல்கள்’ பட்டியலில் முக்கால்வாசி நாவல்கள். எல்லாம் நல்ல நாவல்கள்தான், ஒன்றைக்கூட நீக்கச் சொல்லமாட்டேன். ஆனால் தன்வரலாறு, பயணம், அறிவியல், நாட்குறிப்பு, சமையல், சங்கப் பாட்டு என்று தமிழில் இருக்கும் மற்ற அலமாரிகளின் பக்கம் பட்டியல் திரும்பவே இல்லை. இன்னொரு குறையும் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், விலை, அதோடு முடிந்தது. ஆசையாக வாங்கிய புத்தகத்தை முப்பதாம் பக்கத்தில் மூடி வைப்பவர்கள் பலர். அதற்குப் பெரும்பாலும் நூல் காரணமில்லை. கைக்கு வந்த பதிப்பு சரியில்லாமல் இருக்கும், அல்லது தொடங்கிய இடம் சரியில்லாமல் இருக்கும். ஆகவே நான் உயிராக மதிக்கும் சில நூல்களை, எப்படி நுழைவது என்பதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

முதலில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுபோய், 1950இல் நூலானது. வாங்கும்போது பொருளடக்கத்தைப் பாருங்கள். 122 அத்தியாயங்கள் இருந்தால் முழு நூல். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். அதில் ஊர்களும் மனிதர்களும் உதிர்ந்து சாதனைப் பட்டியல்தான் மிஞ்சும். தொடராக எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை, நாளுக்கு மூன்று என்று படித்தால் ஒன்றரை மாதத்தில் முடித்துவிடலாம். பலர் நிறுத்திவிடுவது மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் பகுதியில். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று நூற்பெயர்கள் அடுக்கடுக்காக வரும். அவற்றை நினைவில் வைக்க முயல வேண்டாம், வேகமாகக் கடந்து போங்கள். அந்தப் பட்டியல் எதற்கு என்பது 1880 அக்டோபரில் விளங்கும். கும்பகோணத்துக்கு முனிசீபாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். சாமிநாதையர் கற்றதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ அசைவதாக இல்லை. இவற்றைப் படித்து என்ன பயன், பழங்காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஏழாண்டு கழித்து, 1887இல் சாமிநாதையரின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறுகிறது. முன்பு நாம் அலுப்போடு புரட்டிய அத்தனை பெயர்களும் அந்த ஒரு கேள்வியில் எடை இழப்பதை உணர, அவற்றின் வழியே நடந்துதான் வந்திருக்க வேண்டும். தமிழில் இதற்கு இணையான திருப்பம் எந்த மர்மக் கதையிலும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

நாவல்தான் வேண்டும் என்பவருக்கு ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. 1972இல் வெளியானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமத்திராத் தீவின் மெடானும் மலேயாவின் பினாங்கும் கதைக்களம். அவர் எழுதியது மொத்தம் இரண்டே நாவல்கள். இதில் தடுக்கும் இடம் வாசலிலேயே இருக்கிறது. ஜப்பானியப் படை மெடானுக்குள் வரும் தொடக்கப் பகுதியில் டச்சுத் தெருப்பெயர்களும் மலாய்ச் சொற்களும் வட்டிக்கடை வழக்கும் ஒன்றாக மோதும். ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். ஊர்ப்பெயர் எது, ஆள்பெயர் எது என்று மட்டும் பிரித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். தொங்கான் என்னும் பாய்மரக் கப்பல் நடுக்கடலில் புயலில் சிக்கும் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாக்கியங்கள் துண்டு துண்டாக உடைந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழும். மனத்துக்குள் படித்தால் அந்தத் தாளம் பாதி போய்விடும். கதையை வேகமாகத் துரத்துபவர்களுக்கு நடுநடுவே வரும் மதுக்கடைப் பேச்சும் இலக்கிய விவாதமும் தடையாகத் தோன்றும். நாயகன் பாண்டியன் ஏன் எந்த ஊரிலும் ஒட்டாமல் போகிறான் என்பதற்கான விடை அந்தப் பேச்சுகளில்தான் இருக்கிறது.

புதுமைப்பித்தனைப் பட்டியலில் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் ‘கயிற்றரவு’ போன்ற கதையில் தொடங்கினால் புதிய வாசகர் மிரண்டு போவார். ‘ஒரு நாள் கழிந்தது’, பிறகு ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, பிறகு ‘செல்லம்மாள்’, அதன் பின் ‘சாபவிமோசனம்’ என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். கடைசிக் கதைக்கு அகலிகை கதை தெரிந்திருப்பது அவசியம். தொகுப்பு வாங்கும்போது ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்ததைத் தேர்ந்தெடுங்கள். கதைகள் வெளிவந்த கால வரிசையில் இருப்பதால் எழுத்தாளர் வளர்வது கண்முன்னே தெரியும்.

இனி, பட்டியல்கள் தொடாத அலமாரி. எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. அடுப்படியையே பார்த்திராதவரும் செய்துவிட வேண்டும் என்ற நோக்கில், என்ன போடுவது, எவ்வளவு போடுவது, எப்போது போடுவது என்று வரிசைப்படி சொல்லும் நூல் அது. இலக்கியப் பக்கத்தில் சமையல் நூலா என்று கேட்பவர்கள், செய்முறை ஒன்றைத் தெளிவான தமிழில் எழுதிப் பார்க்கட்டும். எழுத்தில் இது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். பழைய பிரதி கிடைத்து, அதில் பலம், ஆழாக்கு என்று கண்டால் பலத்துக்கு 35 கிராம், ஆழாக்குக்கு 168 மில்லிலிட்டர் என்று முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆழாக்கை இன்றைய 250 மில்லி கோப்பையாக எண்ணித் தண்ணீர் ஊற்றினால் பாதியளவு கூடிக் குழைந்துவிடும்.

இதைப் படித்த கையோடு குறுந்தொகையின் 167ஆம் பாட்டை எடுங்கள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் தயிரை விரலால் பிசைகிறாள், அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவன் இனிது என்று சொல்லி உண்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி வெளியே தெரிந்தும் தெரியாமலும் படர்கிறது. ஆறே அடிகள், அதற்குள் ஒரு முழுக் குடித்தனம்! குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி வரை. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டின் கீழே யார் யாரிடம் சொன்னது என்ற கூற்று இருக்கும், அதை முதலில் படியுங்கள். பிறகு உரை, கடைசியில் பாட்டு. நேரே பாட்டில் இறங்கினால் பேசுவது தலைவியா தோழியா என்று தெரியாமல் பொருள் தலைகீழாகும். இந்த 167ஆம் பாட்டையே பாருங்கள். மகளின் குடித்தனத்தைக் கண்டு திரும்பிய செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்வது அது. அது தெரிந்தால்தான் புகையும் கறையும் ஏன் அவ்வளவு பெருமையாகச் சொல்லப்படுகின்றன என்பது விளங்கும். நாளுக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்.

அறிவியலில் யா.பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. ரஷ்ய மூலம் 1913இல் வந்தது, இன்றும் புதிது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள், பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுக்காதீர்கள், உடலை முன்னால் சாய்க்காமல் எழுந்திருங்கள் என்கிறார். முடியாது. உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு மேலே வராதவரை எழ இயலாது என்பதை அதன் பிறகுதான் விளக்குகிறார். இந்த நூலை விளக்கத்தைப் படித்துவிட்டுச் செய்துபார்ப்பது வீண். கேள்வியோடு நிறுத்தி, செய்து, விடையை ஊகித்து, பிறகே அடுத்த பத்திக்குப் போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பயணத்துக்கு ஏ.கே.செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றுகிறது. 1940இல் படம் வெளியாகிறது. இடைப்பட்ட காலத்தில் படச்சுருள் தேடி நாடு நாடாக அலைந்ததை, தன்னைக் கொஞ்சமும் முன்னிறுத்தாமல் சொல்கிறார். இயற்கைக்கு மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’, தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. சிறிய கட்டுரைகள், எந்தப் பக்கத்திலும் தொடங்கலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1736இலிருந்து 1761 வரை நீள்கிறது. முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்கப் புகுந்தவர்கள் வணிகக் கணக்குகளில் களைத்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த 1746 செப்டம்பரில் தொடங்குங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் குரலே காதில் விழும். ஆர்வம் பிடித்த பின் முந்தைய ஆண்டுகளுக்குத் திரும்பலாம்.

மொழிபெயர்ப்பில் ஒன்றே ஒன்று: தாராசங்கர் பந்தோபாத்யாயின் வங்க நாவல் ‘ஆரோக்ய நிகேதனம்’, த.நா.குமாரஸ்வாமி தமிழில். நாடி பிடித்து மரணம் நெருங்குவதை அறிந்துவிடும் ஒரு முதிய வைத்தியரும் புதிய மருத்துவம் கற்ற இளைஞரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரையுமே நம்மால் வெறுக்க முடியாது. மெதுவாக நகரும், நோயாளிகள் பெயர் குழப்பும். கையில் ஒரு தாள் வைத்துக் குறித்துக்கொண்டே படியுங்கள்.

செலவு செய்ய இயலாதவர்களுக்கும் வழி உண்டு. புதுமைப்பித்தன் கதைகளும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிக’ளும் நாட்டுடைமை ஆனவை, அதாவது பதிப்புரிமைத் தடை இல்லாமல் யாரும் வெளியிடக்கூடியவை. சங்க நூல்களை 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அங்கே மூலப் பாட்டு மட்டும் உள்ள கோப்புகள் உண்டு, உரையோடு உள்ளவையும் உண்டு. பதிவிறக்கம் செய்யும் முன் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் கீழே, முழுப் பதிப்பா சுருக்கமா, மொழிபெயர்ப்பாளர் யார், எந்த அத்தியாயத்தில் தொடங்கலாம், எங்கே தடுக்கும் என்று நான்கு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் நூல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்