மதுரை அனிமேஷன் விழாவில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனிமேஷன் விழாவை முன்னின்று நடத்திய ஏற்பாட்டாளர்களுக்கும், அங்கே நாள் முழுவதும் உழைத்த கல்லூரி மாணவ மாணவியருக்கும், சைகை மொழி ஆசிரியைக்கும், விளாச்சேரியிலிருந்து களிமண்ணோடு வந்திருந்த அம்மாவுக்கும் சோழவந்தானில் வசிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

விழா முடிந்ததும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பத்தான் நினைத்தோம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டும் திரையைச் சுருட்டிக்கொண்டும் இருந்த உங்களை நிறுத்திவைத்துப் பேச மனம் வரவில்லை. சொல்ல வேண்டியது நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் முடிகிற செய்தியும் அன்று. ஆகையால் எல்லோரும் அறியும்படி இதை எழுதுகிறேன்.

நான், என் கணவர், மாமியார், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், நான்காம் வகுப்பில் படிக்கும் மகன் என ஐந்து பேர் வந்திருந்தோம். மகனுக்குப் பிறவியிலேயே காது கேளாது. சைகையில்தான் பேசுவான். எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகிவருகிறான் என்பதால், திரையின் அடியில் ஓடும் வரிகளும் அவனுக்கு உதவுவதில்லை. குடும்பமாகப் படம் பார்க்கப் போனால் எங்களில் ஒருவர் அவன் பக்கத்தில் அமர்ந்து, கிடைக்கிற அரை வெளிச்சத்தில் கைகளால் கதை சொல்ல வேண்டும். அவன் எங்கள் கையைப் பார்க்கும் நேரத்தில் திரையில் காட்சி போய்விடும். திரையைப் பார்த்தால் கதை போய்விடும். ஒருமுறை ஒரு திரையரங்கில், எங்கள் கையசைவு மறைக்கிறது என்று பின்வரிசையில் இருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவனை அழைத்துக்கொண்டு எங்கும் படம் பார்க்கப் போகவில்லை. உங்கள் அறிவிப்பில் "முற்பகல் அமர்வு முழுவதும் வசனமில்லாப் படங்கள், சைகை மொழி விளக்கம் உண்டு" என்ற வரியை என் மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருந்தது என்பது வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பேசுபவருக்கு அருகில் சைகை மொழிபெயர்ப்பாளரை நிற்க வைப்பதோடு பல நிகழ்ச்சிகளில் கடமை முடிந்துவிடுகிறது. விளக்கை அணைத்ததும் அவருடைய கைகள் யாருக்கும் தெரியாது. நீங்கள் ஆசிரியை நின்ற இடத்தில் தனியாக ஒரு சிறு விளக்கை, திரைமேல் வெளிச்சம் விழாதபடி தாழ்த்திப் பொருத்தியிருந்தீர்கள். அவர் திரைக்கு ஒட்டினாற்போல் நின்றதால், ஒரே பார்வையில் இரண்டையும் காண முடிந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கென்று அந்தப் பக்கத்தின் முதல் இரண்டு வரிசைகளை ஒதுக்கி, பெற்றோரையும் உடன் அமரச் சொன்னீர்கள். இதையெல்லாம் யோசித்தவர் யாரென்று விசாரித்தேன். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார்களே தவிர, நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. எனவே அனைவரும் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

படங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அடுத்து நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான படம் என்றாலே சத்தமும் வேகமும் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கும் அது இருந்தது. நீங்கள் தொடங்கியதோ பிரெஞ்சு நாட்டு எமில் கோல் 1908ஆம் ஆண்டில் எடுத்த, இரண்டு நிமிடம்கூட ஓடாத மௌனப் படத்தில். ஒரு கை வந்து கோட்டுருவம் ஒன்றை வரைகிறது. அந்த உருவத்தைச் சுற்றி ஒன்று மற்றொன்றாக உருமாறிக்கொண்டே போகிறது. புட்டி பூவாகிறது, யானை வீடாகிறது. சுமார் 700 ஓவியங்களை வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்து, அவற்றைக் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறும்படி நெகட்டிவாக அச்சிட்டதால்தான் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததுபோல் தோன்றுகிறது என்று படம் முடிந்ததும் ஒரு மாணவி விளக்கினார். அதை ஆசிரியை சைகையில் சொல்லி முடிப்பதற்குள், இன்னொரு முறை போடச் சொல்லி என் மகன் எழுந்து நின்று கேட்டான். நீங்கள் தயங்காமல் மறுபடியும் போட்டீர்கள். அரங்கில் இருந்த ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கேட்கும் பிள்ளைகளும் கேளாத பிள்ளைகளும் அன்று ஒரே இடத்தில்தான் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அமர்வு முழுவதும் நான் மடியில் கைகளை வைத்துக்கொண்டு படம் பார்த்தேன் என்பதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

படம் முடிந்ததும் கைதட்டுவதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து அசைக்கும்படி ஆசிரியை அரங்கத்துக்குக் கற்றுக்கொடுத்தார். காது கேளாதவர்கள் பாராட்டும் முறை அதுதான். இரண்டாம் படத்திலிருந்து யாரும் நினைவூட்டாமலே எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

என் மாமியாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பொம்மைப் படம் பார்க்க நான் எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் பேருந்தில் ஏறினார். ஜெர்மனியைச் சேர்ந்த லோத்தே ரைனிகர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட நிழலுருவப் படத்தின் சில பகுதிகளை நீங்கள் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின் மேல் கிடத்தி, மேலிருந்து ஒவ்வொரு அசைவாகப் படம்பிடித்தார் அந்த அம்மையார். இளவயதில் கோயில் திருவிழாக்களில் தோல்பாவைக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர் என் மாமியார். "நம்ம பாவையில ஆட்டுத்தோல்ல சாயம் பூசியிருக்கும், விளக்கு வெளிச்சத்துல அந்தச் சாயம் துணியில தெரியும். இது வெறும் கறுப்பால்ல இருக்கு" என்று அவர் உரக்கச் சொன்னது மேடை வரை கேட்டுவிட்டது. அதைக் காதில் வாங்காததுபோல் விட்டுவிடாமல், ஒலிவாங்கியை அவரிடமே கொண்டுவந்து கொடுத்த மாணவருக்கு என் கணவரின் தனிப்பட்ட நன்றி. தோல்பாவைக் கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் கூத்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் சொல்ல, அதையும் ஆசிரியை அப்படியே கைகளுக்குக் கொண்டுவந்தார். பாட்டி சொன்ன கதை ஒன்று பேரனுக்கு அந்த அளவுக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிற்பகல் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் அங்கேதான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். வாசலில் பழைய பெயிண்ட் வாளியின் பக்கவாட்டில் கீற்றுகள் வெட்டி, உள்ளே ஓடும் குதிரையின் படவரிசையை ஒட்டி, சுழலும் பலகையில் வைத்திருந்தீர்கள். 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் அமைத்த சோட்ரோப் கருவியின் எளிய வடிவம் அது. கீற்றின் வழியே பார்த்தால் குதிரை ஓடும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் கலங்கல்தான். படங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஒரு கணம் மறைப்பு வேண்டும், அந்த மறைப்பைக் கீற்றுகளுக்கு இடையிலுள்ள சுவர் தருகிறது என்பதை வாயால் சொல்லாமல், மாறி மாறிப் பார்க்க வைத்தே புரியவைத்தீர்கள். என் மகன் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கீற்றைக் காட்டித் தலையை ஆட்டினான்.

அதற்கடுத்து களிமண் மேசை. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் விளாச்சேரியிலிருந்து வந்திருந்த அம்மா, மண்ணைப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வைத்திருந்தார். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன் படங்களுக்கு வழக்கமாக எண்ணெய் கலந்த, காயாத களிமண்ணைத்தான் பயன்படுத்துவார்களாம். நம் ஊர் மண் விளக்குச் சூட்டில் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். அந்த அம்மா இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை விரல் நுனியால் தண்ணீர் தொட்டு வெடிப்பை அடைத்துக்கொண்டே இருந்தார். உருவத்தின் வடிவம் சிறிதும் மாறவில்லை. பிள்ளைகள் எது கேட்டாலும், தாமே செய்து கொடுக்காமல், அவர்கள் கையைப் பிடித்துச் செய்யவைத்தார். சைகை தெரியாத அவருக்கும் பேச்சு கேளாத என் மகனுக்கும் நடுவில் மண்ணே போதுமானதாக இருந்தது.

என் மகனும் மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, ஓர் ஆட்டுக்குட்டி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துள்ளுவதைப் படமெடுத்தார்கள். ஒருவர் பொம்மையை நகர்த்த, ஒருவர் கைப்பேசியில் படமெடுக்க, நகர்த்துபவரின் கை படத்துக்குள் தெரிகிறதா என்று ஒருவர் கவனிக்க, ஒருவர் எண்ணிக்கையைக் குறித்துவைத்தார். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடினாலும், ஒரே படத்தை இரண்டு முறை காட்டினால் 12 போதும் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்படியும் ஐந்து நொடிக்கு 60 படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் குட்டியின் கால் ஒடிந்துவிட்டது. மகள் பதறினாள், எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்து, பழைய நிலையிலேயே காலை மறுபடி நிறுத்துவது எப்படி என்று உங்கள் மாணவி ஒருவர் பொறுமையாகக் காட்டினார். வெயில் ஏறி இறங்கினால் படத்தில் ஒளி துடிக்கும் என்பதற்காக ஜன்னல்களை அடைத்திருந்தீர்கள். மின்விசிறிக் காற்றில் பின்னணித் தாள் அசையும் என்று அதையும் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் புழுக்கத்திலும் தண்ணீரும் மோரும் சுற்றிக்கொண்டே இருந்தன.

தாதாசாகேப் பால்கே 1915ஆம் ஆண்டிலேயே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார் என்று நீங்கள் சொன்னது என் மகளைப் பிடித்துக்கொண்டது. அவளும் தம்பியும் இப்போது வீட்டில் தீக்குச்சிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்து முனையைக் கிள்ளிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

நீங்கள் அனுப்பிவைத்த ஆட்டுக்குட்டிப் படம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நான்கு பேரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. மகனின் வகுப்பு ஆசிரியர் அதை வகுப்பில் போட்டுக் காட்டினார். எப்படி எடுத்தார்கள் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டதற்கு அவனே முன்னால் வந்து, அழிப்பானை மேசையில் சிறிது சிறிதாக நகர்த்திச் செய்து காட்டியதாக ஆசிரியர் சொன்னார். பள்ளியில் அவன் தானாக முன்னால் வந்து எதையும் காட்டியதில்லை.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். கழிப்பறைகளை மாலை வரை சுத்தமாக வைத்திருந்த தூய்மைப் பணியாளர் அக்காவுக்கும், என் மாமியார் மாடிப்படி ஏற முடியாததைப் பார்த்துக் களிமண் மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்த இளைஞர்களுக்கும், அரிசி சாதமா சப்பாத்தியா என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பரிமாறிய சமையல்காரருக்கும், இரவில் பேருந்து கிளம்பும் முன்பாக எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காத ஆட்டோ ஓட்டுநருக்கும் எங்கள் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. வசனமில்லா அமர்வையும், ஆசிரியைக்கான அந்தச் சிறு விளக்கையும் வரும் ஆண்டுகளிலும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் காது கேளாத பிள்ளைகள் உள்ள வீடுகள் சிலவற்றை எங்களுக்குத் தெரியும். அடுத்த விழாவுக்கு அவர்களையும் அழைத்துவர, என் கணவர் ஒரு வேன் பேசித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சைகை மொழி ஆசிரியை ஒருவரே நாள் முழுவதும் நிற்காமல் இருக்க, மாற்றி நிற்க நானும் வருகிறேன்; அவரளவுக்குத் தேர்ச்சி எனக்கு இல்லாவிட்டாலும், பயிற்சி மேசைகளில் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் இடையே நின்று உதவ முடியும். தேதி முடிவானதும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.

மிக்க நன்றியுடன்,
சோழவந்தானிலிருந்து வந்திருந்த ஆட்டுக்குட்டிக் குடும்பத்தார்