அட்டையில் இல்லாத பெயருக்கு

அன்புள்ள ஓகுஸ்த் மக்கே ஐயா,

‘மாண்ட்டி கிறிஸ்டோ பிரபு’வைப் பத்தாம் வகுப்பு விடுமுறையில் படித்தேன். அட்டையில் அலெக்சாண்டர் டூமா என்று மட்டும் இருந்தது. அதை அவரோடு சேர்ந்து எழுதிய உங்கள் பெயர் எனக்குத் தெரியவர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாரிசில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்கள் நாடகம் ஒன்றை அரங்கத்தார் வேண்டாம் என்றுவிட, உங்கள் நண்பரான கவிஞர் நெர்வால் அதை டூமாவிடம் கொண்டுபோனார். அவர் செப்பனிட்டுக் கொடுத்தார். 1839-இல் அது உங்கள் பெயரிலேயே மேடையேறியது. உங்கள் உழைப்பைச் சுரண்டினார் என்று டூமாவைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. அப்புறம் நீங்கள் கொண்டுபோன ஒரு சிறுகதை அவர் கையில் பெரிய நாவலாக வளர்ந்தது. இரண்டு பெயரையும் போடலாம் என்றுதான் அவர் சொன்னார். பத்திரிகைக்காரர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. டூமா மட்டும் என்றால் வரிக்கு மூன்று பிராங்க், டூமாவும் மக்கேயும் என்றால் முப்பது சூ என்றார்களாம். அதாவது ஒன்றரை பிராங்க். உங்கள் பெயர் சேர்ந்தால் சரக்கின் விலை பாதியாகிவிடும்!

1844-இல் மட்டும் என்ன வேலை செய்திருக்கிறீர்கள் இருவரும்! மார்ச்சில் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ தொடர் தொடங்கியது. அது முடிந்த கொஞ்ச நாளில், ஆகஸ்டில், மாண்ட்டி கிறிஸ்டோ. பழைய நினைவுக்குறிப்புகளைத் துருவி, கதையைக் கோத்து, முதல் வரைவு எழுதுவது நீங்கள். அதை எடுத்துத் தன் நீலக் காகிதத்தில் பேச்சும் மூச்சுமாக மாற்றி எழுதுவது அவர்.

மாண்ட்டி கிறிஸ்டோ பற்றி டூமாவே எழுதிவைத்த ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. கதையை ரோமில், பிரபு பெரும் பணக்காரராக வந்து இறங்குவதில் தொடங்க நினைத்திருந்தார் அவர். அதற்கு முன், அவர் எட்மண்ட் என்ற இளம் மாலுமியாக இருந்தபோது மார்செய் துறைமுகத்தில் நடந்ததெல்லாம் பின்னால் யாரோ சொல்லும் பழங்கதையாக வந்துபோகும். நீங்கள்தான் தடுத்தீர்கள். மெர்செதேஸின் காதல், நண்பர்களின் துரோகம், சிறையில் பாதிரியார் ஃபாரியாவோடு கழிந்த வருடங்கள், இவற்றையா தாண்டிப் போகப் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். ஐயா, அந்தப் புத்தகத்தில் நான் இன்றும் திரும்பத் திரும்பப் படிப்பது அந்தப் பகுதியைத்தான். சிறையிலிருந்து தப்ப, இறந்துபோன ஃபாரியாவின் பிணத்துக்குப் பதிலாகத் தான் கோணிக்குள் புகுந்து, உள்ளிருந்து தைத்துக்கொண்டு எட்மண்ட் காத்துக் கிடக்கிறானே, அந்த இரவுக்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அதை அப்படி எழுதியதற்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். டூமாவின் அப்பா, இன்றைய ஹெய்ட்டியில் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து பிரெஞ்சுப் படையில் ஜெனரல் ஆனவர். தெற்கு இத்தாலியில் இரண்டு வருடம் சிறையில் கிடந்து, உடம்பு குலைந்து திரும்பி, மகனுக்கு நான்கு வயது நிரம்பும் முன்பே இறந்துபோனார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குச் சிறையின் இருட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

1845-இல், சேர்ந்து எழுதிய நாவல்களின் மேலிருந்த உரிமையை விட்டுக்கொடுத்து நீங்கள் எழுதிய கடிதம்தான் எனக்குத் தாங்கவில்லை. 1858-இல் நீங்கள் வழக்குப் போட்டபோது, உங்களைக் கூட்டாசிரியராக ஏற்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. பணப் பாக்கி மட்டும் உண்டு என்றது. அதற்குள் டூமா மாளிகை கட்டி, அதை விற்று, கடனில் மூழ்கியிருந்தார்.

பத்திரிகையில் இருந்த ஒருவர் தந்த சாட்சியம் ஒன்று இருக்கிறது. மஸ்கட்டியர்கள் கதையின் தொடர்ச்சியான ‘பிராஜலோன்’ தொடரின் ஓர் அத்தியாயம் அச்சகத்துக்குப் போகும் வழியில் தொலைந்துவிட்டது. டூமா ஊரில் இல்லை. உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். மாலை ஏழிலிருந்து நடுஇரவு வரை உட்கார்ந்து எழுதினீர்கள். கால்மணிக்கு ஒரு தரம் தாள் தாளாக வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் தொலைந்தது கிடைத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால், 500 வரிகளில் 30 சொற்கள்கூட மாறவில்லையாம். அந்த இரவு விளக்கை அணைத்துவிட்டு என்ன நினைத்துக்கொண்டு படுத்தீர்கள் ஐயா?

2002-இல் டூமாவை நீலவெல்வெட் போர்த்தி, பிரான்சின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள். அது அவருக்குத் தகும். நீங்கள் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் கல்லறையில் அந்த நாவல்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. பாரிஸ் போகும் நாள் வாய்த்தால் முதலில் அங்கேதான் வருவேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்