பொத்துவில் வேலைக்கு எந்தக் கமரா? மகளுக்கு ஒரு கடிதம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின ரெண்டு கமராவின் விபரத்தையும் பார்த்தேன். கெனன் எஸ்எக்ஸ்740 ஒன்று, பாவித்த ஒலிம்பஸ் டிஜி-6 மற்றது. உன்ர கையில இருக்கிற காசுக்கு ரெண்டுமே பிழையில்லாத தெரிவுதான். ஆனா கிழமையில பாதி நாள் தோணியிலயும் கண்டல் சேத்துக்குள்ளயும் மிச்ச நாள் வயல் வரம்பிலயும் திரியிற உனக்கு டிஜி-6தான் சரி. கெனனை வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

கெனனை ஓன் பண்ணினால் லென்ஸ் குழாய் அடுக்கடுக்காக வெளியே வரும், ஓஃப் பண்ணினால் உள்ளே போகும். பொத்துவில் கரையில காற்றோட வாற உப்பும் பொடிமணலும், வெளியே நிற்கிற அந்தக் குழாயில ஒட்டும். நீ ஓஃப் பண்ணும்போது குழாய் அதையும் இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். உள்ளே இருக்கிற பற்சில்லுகள் சின்னது. ஒரு மணல் இடையில சிக்கினால் மோட்டர் திணறும், குழாய் பாதியில நிற்கும், திரையில லென்ஸ் எரர் என்று வரும். குழாய் வெளியே வரும்போது காற்றையும் உள்ளே இழுப்பதால், அதோட போகிற தூசு படத்தைப் பதிகிற சென்சரில படிந்து வானத்துப் படங்களில சாம்பல் புள்ளியாகத் தெரியும். குழாயைப் பிரித்துத் துப்புரவாக்குவதற்குக் கேட்கிற கூலியில இன்னொரு பழைய கமரா வாங்கலாம். அதனால அநேகமானவர்கள் திருத்தாமலே அலுமாரிக்குள்ள போட்டுவிடுகிறார்கள்.

டிஜி-6இல வெளியே நீளுகிற குழாயே இல்லை. முன்னால ஒரு கண்ணாடி, அதுக்குப் பின்னால வெளிச்சத்தை மடக்கித் திருப்புகிற அமைப்பு, சூம் முழுக்க உள்ளுக்குள்ள. 15 மீற்றர் ஆழம் தாங்கும், 2.1 மீற்றர் உயரத்தில இருந்து விழுந்தாலும் தாங்கும் என்று செய்தது. படம் எடுத்த இடத்தையும் ஜிபிஎஸ் மூலம் படத்தோடயே பதியும். எந்தக் கண்டல் திட்டு, எந்த வயல் என்று பிறகு குழம்பத் தேவையில்லை. ஆனா மேலே இருக்கிற, பாதையைப் பதிகிற லொக் நெம்பை மட்டும் வேலை முடிந்ததும் மறக்காமல் ஓஃபுக்குத் தள்ளு. அது ஓனில இருந்தால் கமரா ஓஃபாக இருந்தாலும் நீ போகிற பாதையைப் பதிந்துகொண்டே இருக்கும், விடியக்க பற்றரி வெறுமையாக இருக்கும்.

நீ கேட்ட சூம் விஷயத்துக்கு வருவோம். கெனன் 40 மடங்கு, டிஜி 4 மடங்கு. லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கிற எண்ணைப் பார்: கெனனில 4.3–172.0, டிஜியில 4.5–18.0. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால பிரித்தால் உண்மையான சூம் வரும். ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அந்தக் கமராவில லென்ஸ் சூமே இல்லை, படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறது மட்டும்தான். 48, 64 மெகாபிக்சல் என்று மலிவாக வருகிற பெயர் தெரியாத கமராக்களில அநேகம் இந்த ரகம். மெகாபிக்சலுக்கு மயங்காதே மகள். ஏ4 தாளில துப்புரவாக அச்சடிக்க 9 மெகாபிக்சல் கூடக் காணும். டிஜியில 12 இருக்கு.

கொக்கும் நாரையும் எடுக்க 40 மடங்கு வேணும் என்கிறாய். கச்சான் காற்று அடிக்கிற நாளில, காலை ஒன்பது மணிக்குப் பிறகு களப்புக்கு அக்கரையை முழுச் சூமில பார்த்தால் படம் நெளியும். சூடான நிலத்துக்கும் தண்ணிக்கும் மேலே காற்று கொதித்து அசைகிறதால வருகிற நெளிவு அது. எவ்வளவு விலையான லென்ஸும் அதைத் திருத்தாது. அதோட முழுச் சூமில கெனனின் துவாரம் எஃப்6.9 ஆகச் சுருங்கும் (எஃப் எண் கூடக்கூட உள்ளே வருகிற வெளிச்சம் குறையும்). கண்டல் நிழலில வெளிச்சம் காணாமல் ஐஎஸ்ஓ, அதாவது சென்சரின் வெளிச்ச உணர்திறன், ஏறும், இறகெல்லாம் களி பூசினமாதிரி ஆகும். டிஜி அகலக் கோணத்தில எஃப்2.0. மலிவாகக் கிடைக்கிற றிக்கோ டபிள்யூஜி-80இன் எஃப்3.5ஐ விட மூன்று மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். குமண பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ப் பறவை மட்டும் எடுக்கிறதுதான் உன்ர வேலை என்றால் கெனனையே வாங்கச் சொல்லியிருப்பேன். உன்ர வேலைக்கு நண்டும் பூச்சியும் கண்டல் பூவும்தான் கூட. டிஜியில மைக்ரோஸ்கோப் முறை இருக்கு, லென்ஸுக்கு 1 சென்ரிமீற்றர் கிட்டவும் குவியும். நெற்பயிரில இருக்கிற பூச்சியின் காலைக்கூட எண்ணலாம்.

வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது ஒன்றைக் கவனி. கறுத்த தண்ணி படத்தை நிறைத்திருந்தால் கமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெறும் வெள்ளைத் துண்டாகப் போகும். வெளிச்சத் திருத்தத்தை -1க்குக் கொண்டுபோ. இருட்டானதைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளுத்துப்போனதைத் திருப்பி எடுக்க ஏலாது.

தண்ணி போகாத கமரா என்கிறதால ஏமாந்துவிடாதே. அடியில ஒரு கதவு பற்றரிக்கும் கார்டுக்கும், பக்கத்தில ஒரு கதவு வயருக்கு. தண்ணியைத் தடுக்கிறது அந்தக் கதவுகளின் ரப்பர் ஓரம்தான். அதில ஒரு தலைமயிர் கிடந்தாலும், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் தண்ணி அதன் வழியாக உள்ளே போகும். அதனால தோணியிலயும் கரையிலயும் கதவைத் திறக்காதே. வீட்டில, காய்ந்த கையோட, காற்றாடிக்குக் கீழே இல்லாமல் திறந்து, நூல் விடாத துணியால ரப்பரையும் அது பொருந்துகிற விளிம்பையும் துடை. மூடினபிறகு பூட்டு நெம்பு முழுக்கத் திரும்பிச்சா என்று பார். அந்த ரப்பரை வருஷத்துக்கொருக்கா மாற்றச் சொல்லிக் கம்பனியே சொல்கிறது. பாவித்ததை வாங்குகிறபடியால் மாற்றுகிற வரைக்கும் அதைத் தண்ணிக்குள்ள இறக்காதே. மழைத்தூறலுக்கும் தெறிக்கிற தண்ணிக்கும் மட்டும் நம்பு.

உப்புத்தண்ணியில நனைந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள, கதவுகள் மூடியபடியே, ஒரு வாளி நல்ல தண்ணியில பத்து நிமிஷம் அமிழ்த்தி வை, பட்டன்களை மெல்ல அமத்து. உப்பு காய்ந்து பளிங்காகினால் பட்டனும் இறுகும், ரப்பரையும் கீறும். தண்ணிக் குழாயைத் திறந்து வேகமாக அடிக்காதே. பிறகு நிழலில காய விடு, வெயிலில வேண்டாம். இன்னொன்று, இந்தக் கமரா மிதக்காது. கால் கிலோ அளவு பாரம், நேரே அடிக்குப் போகும். மிதக்கிற கைப்பட்டி ஒன்று கட்டாயம் வாங்கு, வாங்கமுன்னம் எவ்வளவு கிராம் தாங்கும் என்று பார்.

பாவித்ததை வாங்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில போ, ஒரு சின்ன ரோச் லைட்டும் கொண்டு போ. முதலில ரெண்டு கதவையும் திறந்து, உலோகத் தொடுப்புகளில பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கா பார். பூத்திருந்தால் தண்ணி உள்ளே போன கமரா, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிட்டு வா. ரோச் வெளிச்சத்தைச் சரிவாக லென்ஸுக்குள்ள அடி. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பங்கஸ் (பூஞ்சணம்), அதுவும் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால ஆவி படிந்த தடம் இருக்கா என்றும் பார். வெறும் வானத்தை அகலத்திலயும் முழுச் சூமிலயும் எடுத்துத் திரையில பெருப்பித்துப் பார்த்தால் சென்சர் புள்ளி தெரியும். மெனுவில மொழியை மாற்றிப் பார். ஜப்பான் சந்தைக்கு வந்த சோனிகளில ஜப்பானிய மொழியைத் தவிர வேறொன்றும் இருக்காது, மற்றதுகளிலயும் பார்த்துக்கொள்கிறது நல்லது. எக்ஸ்டி என்கிற, இப்ப செய்யாத பழைய ரகக் கார்ட் போடுகிற கமரா யாரும் சும்மா தந்தாலும் வாங்காதே, கார்டுக்கு அலைவாய்.

கார்ட் 32 ஜிபி எஸ்டி ஒன்று போதும், எழுதுகிற வேகத்தைக் காட்டுகிற யூ1 அடையாளம் இருந்தால் காணும். போலிக் கார்டில 64 என்று எழுதியிருக்கும், உள்ளே 8தான் இருக்கும். நிரம்பினபிறகு எடுக்கிற படங்கள் பெயர் மட்டும் காட்டும், திறக்காது. கம்ப்யூட்டரில எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருளால முழுக் கார்டையும் எழுதி வாசித்துச் சோதி, நேரம் எடுக்கும், பரவாயில்லை. பற்றரி எல்ஐ-92பி, இன்னொன்று உதிரியாக வாங்கு. உப்பிப்போன பற்றரியைக் கமராவுக்குள்ள போடாதே, வெளியே எடுக்க ஏலாமல் போகும்.

மாரி தொடங்கினால் எங்கட பக்கம் ஈரம்தான் பங்கஸுக்குத் தீனி. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், எறிந்துவிடு. இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வை, நிறம் மாறினால் சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டுத் திரும்பப் போடு. அரிசிக்குள்ள புதைக்கிறது வேண்டாம், அதன் தூசு பட்டன் இடுக்குக்குள்ள போகும். ஏசி பஸ்ஸில வந்து இறங்கினால் உடனே வெளியே எடுக்காதே. இறுக மூடின பொலித்தீன் பைக்குள்ள அரை மணித்தியாலம் விடு, ஆவி பையில படியட்டும்.

காசு கொடுக்கமுன்னம் கமராவின் அடிப்பக்கக் கதவைத் திறந்து ரெண்டு படம் எடுத்து எனக்கு அனுப்பு. ரப்பரின் ஓரமும் தொடுப்புகளும் தெளிவாகத் தெரிய வேணும். பார்த்துச் சொன்னபிறகு பில்லில சீரியல் நம்பரையும் எழுதி வாங்கு.

அன்புடன்,
அம்மா